40 சதவீதம் எங்கள் வீடு

இங்கிலாந்தில் ஷேர்ட் ஓனர்ஷிப் முறையில் ஃபிளாட் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 40 சதவீதம் எங்களுடையது, மீதிக்கு வீட்டுவசதிச் சங்கத்துக்கு வாடகை. டெபாசிட் நம் பங்குக்கு மட்டும் போதும் என்பதால்தான் எங்களால் முடிந்தது. குடியேறிய அன்றே கூடத்துச் சுவரில் ஆணி அடித்து அம்மா படத்தை மாட்டினேன், யாரிடமும் கேட்காமல். அந்த நிம்மதி பெரிது.

ஆனால் சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்! பங்கு 40 என்றாலும் அதை முழுசாக நாம்தான் கட்ட வேண்டும். லிஃப்ட் ஆறு வாரம் ஓடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அந்த வருடமும் கட்டணம் ஏறியது. அப்புறம், பங்கைக் கூட்ட நினைத்தால் வாங்கியபோது இருந்த விலை கிடையாது, இன்றைய மதிப்புதான். மதிப்பீட்டாளர் கட்டணமும் நம் தலையில். கையெழுத்துப் போடும் முன் முந்தைய வருடங்களின் சர்வீஸ் சார்ஜ் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.