வெறும் கம்பியா, பனானா பிளக்கா?

புதிய ஸ்டீரியோவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், ஸ்பீக்கர் கம்பியை ஆம்ப்ளிஃபயருடன் எப்படி இணைப்பது என்ற கேள்வி வரும். வெறும் கம்பியை நேரடியாகச் செருகலாம்; அல்லது கம்பி முனையில் பனானா பிளக் என்ற சிறு உலோகச் செருகியை மாட்டிச் செருகலாம். ஒலித்தரத்தில் இந்த இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. இருப்பதாகச் சொல்லி விலையுயர்ந்த பிளக்கை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

வெறும் கம்பிக்குக் கூடுதல் செலவே இல்லை. முனையில் சுமார் 1 செ.மீ. உறையைச் சீவி, செம்பு இழைகளை இறுக முறுக்கி, துளையில் செருகித் திருகினால் போதும். கவனம் வேண்டியது இழைகளில்தான். முறுக்கில் அடங்காத ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், ஆம்ப்ளிஃபயரே பழுதாகலாம். சுவரை ஒட்டிய இருட்டில் கையை மட்டும் விட்டுத் துழாவும்போது அந்த இழை கண்ணில் படாது. இருந்தாலும், வருடக்கணக்கில் அசைக்காத ஸ்டீரியோவுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அவ்வப்போது திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி இடம் மாற்றுபவர்களுக்குப் பனானா பிளக் கைகொடுக்கும். மேசைமேல், நல்ல வெளிச்சத்தில் கம்பியைப் பிளக்குக்குள் பொருத்திவிடலாம். பிறகு செருகுவது நொடி வேலை. ஆனால் அழுத்தினால் திறந்து கம்பியைக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப் உள்ள ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இது நுழையாது. வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எதுவானாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே இணையுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) மெலிந்துபோகும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.