கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்குப் போதாது

விமானத் தூரம் பார்க்கக் கிடைக்கும் இலவசத் தளங்களில் கிரேட் சர்க்கிள் மேப்பரைத்தான் முதலில் சொல்வேன். விளம்பர ஆரவாரம் இல்லை. இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறு கோடு போட்டு எழுதினால் போதும், பூமிப் பந்தின் மேல் அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியின் தூரமும் வரைபடமும் வந்துவிடும். இடையில் இறங்கும் ஊர் இருந்தால் அதையும் அதே வரியில் கோர்க்கலாம். ஊர்ப்பெயரை வைத்துக் கணக்கிடும் தளங்கள் பெரும்பாலும் நகர மையத்திலிருந்து அளக்கின்றன. இது ஓடுபாதை இருக்கும் இடத்திலிருந்து அளக்கிறது.

அலகை மட்டும் முதலில் கவனியுங்கள். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. சுமார் 15,350 கி.மீ. அதே தூரம் மைலில் 9,540 வரும், கடல் மைலில் 8,290. கடல் மைலைச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டால் 2,000 கி.மீ. காணாமல் போய்விடும்.

இந்தத் தடத்தின் வரைபடம் அழகானது. இரண்டு ஊர்களும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், கோடு சாங்கியிலிருந்து நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை 300 கி.மீ.க்கும் குறைவான நெருக்கத்தில் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது.

ஆனால் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. தளத்தின் குறை என்று இதைச் சொல்ல முடியாது, இருந்தாலும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பகுதிக்கு (நுவார்க் நிலையத்துக்கு) இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கி.மீ., சராசரி நேரம் 18 மணி 45 நிமிடம். நுவார்க்குக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய அதே 15,350தான். கூடுதல் 1,350 கி.மீ. வீணான சுற்று இல்லை. பசிபிக் மீது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பலமான நாளில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அது முதுகில் தள்ளும்போது, நீண்ட வழியே சீக்கிரம் முடிகிறது, எரிபொருளும் மிஞ்சுகிறது.

அதனால் 15,350-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து "17 மணி நேரம்" என்று முடிவுகட்டாதீர்கள். பல தளங்கள் இதைத்தான் செய்து, மேலே அரை மணி சேர்த்து, பயண நேரம் என்று காட்டுகின்றன. நடுத்தரத் தூரத்துக்கு அது ஓரளவு பொருந்தும், இவ்வளவு நீண்ட தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகும். கால அட்டவணை நேரம் வாயிலிலிருந்து வாயில் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம்.

அட்டவணையிலிருந்து நேரம் எடுக்கும்போது மணி வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள். சிங்கப்பூரில் இரவு 11:35-க்குப் புறப்பட்டு 18 மணி 45 நிமிடம் பறந்தால், தரையிறங்கும்போது சிங்கப்பூர் மணிப்படி மறுநாள் மாலை 6:20. குளிர்காலத்தில் 13 மணி கழித்தால் நியூயார்க்கில் காலை 5:20. கோடையில் 12 மணிதான் கழிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது எல்லை வட்டம். ஒரு தூரத்தையும் ஒரு நிலையத்தையும் கொடுத்தால், அங்கிருந்து அவ்வளவு தூரம் எட்டும் எல்லை வரைபடத்தில் விழும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏ350-900 யு.எல்.ஆர். (ஏர்பஸின் மிக நீண்ட தூர விமான வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஏர்பஸ் சொல்லும் எட்டும் தூரம் 9,700 கடல் மைல், சுமார் 18,000 கி.மீ. அதைச் சாங்கியை மையமாக வைத்து வரைந்து பாருங்கள். வட்டத்துக்கு வெளியே மிஞ்சும் நிலம், பெரும்பாலும் தென் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவின் தென்பகுதியும்தான்.