விடைக்குப் பிறகு தொடங்கும் கணிதம்: ஒரு புதிர்ப் பெட்டியின் மதிப்புரை

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட கணிதப் புதிர்ப் பெட்டி ஒன்றை ஒரு பருவம் முழுவதும் என் வகுப்புகளில் பயன்படுத்திவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டிக்குள் 60 தடித்த அட்டைகளும், ரப்பர் வளையங்களை மாட்டுவதற்கான 6 ஆணிப் பலகைகளும், ஆசிரியருக்கான வழிகாட்டி நூல் ஒன்றும் இருக்கின்றன. இதே அமைப்பில் வேறு பல பெட்டிகளும் விற்பனையில் இருப்பதாலும், இங்கே நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளை எதை வாங்கும்போதும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதாலும் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் எடுத்தது 1089 அட்டை. ஒரு மூன்றிலக்க எண்ணைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் எண்ணையும் திருப்பி எழுதிக் கூட்டச் சொல்லும் பழைய புதிர்தான் அது. எல்லோரும் 1089 என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் தனக்கு 198 வருகிறது என்றாள். அவள் எடுத்துக்கொண்ட எண் 534. 534இலிருந்து 435ஐக் கழித்தால் 99, அதைத் திருப்பினாலும் 99, இரண்டையும் கூட்டினால் 198. அவள் கணக்கில் பிழையே இல்லை. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வேறுபாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அட்டை அச்சிடத் தவறியிருந்தது. இதைக் குறை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வகுப்பின் மிகச் சிறந்த அரை மணி நேரம் அந்தக் குறையிலிருந்துதான் கிடைத்தது. 99ஐ 099 என்று மூன்றிலக்கமாக எழுதினால் திருப்பும்போது 990 வரும், கூட்டினால் 1089 வந்துவிடும் என்பதை மாணவர்களே கண்டார்கள். இலக்கங்களை அ, ஆ, இ என்று வைத்துக் கழித்துப் பார்த்தபோது நடு இலக்கம் மறைந்து, 99ஐ (அ − இ) ஆல் பெருக்கிய தொகை மட்டும் மிஞ்சியது. 525ஐ எடுத்தால் ஏன் பூச்சியம் வருகிறது என்ற கேள்விக்கும் அதே வரியே பதிலானது. எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடுவது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று காரணம் கண்ணெதிரே தெரிந்தது.

அதன் தொடர்ச்சியாக அமைந்தது, பள்ளி ஆசிரியராகவே பணியாற்றிய இந்தியக் கணிதவியலாளர் கப்ரேக்கர் கண்டறிந்த 6174 பற்றிய அட்டை. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், அதிகபட்சம் 7 படிகளுக்குள் 6174 வந்து நிலைத்துவிடும். 3524இல் தொடங்கினால் 3087, 8352, 6174 என்று மூன்றே படிகள். வருத்தம் என்னவென்றால், அட்டையின் பின்புறத்திலேயே விடையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையைக் கையில் வாங்கிய மாணவன் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதன் பிறகு அவனுக்குத் தேடுவதற்கு எதுவும் இருக்காது.

இந்தப் பிழைக்கு ஈடுகட்டுவதைப் போல வழிகாட்டி நூல் இந்த இடத்தில் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் கழித்தலின் விடையை இரண்டே வேறுபாடுகள் தீர்மானிக்கின்றன: மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 999ஆல் பெருக்கி, நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டை 90ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும். ஆகவே ஆயிரக்கணக்கான எண்களில் எதில் தொடங்கினாலும் முதல் படியில் வரக்கூடியவை 54 மட்டுமே. அந்த 54ஐயும் வகுப்பில் பங்கிட்டுக் கொடுத்தேன்; ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரிபார்த்து முடித்தபோது, அது சில உதாரணங்களைப் பார்த்து நம்பிய செய்தியாக இல்லாமல், வகுப்பே சேர்ந்து முடித்த முழுமையான நிறுவலாகிவிட்டது. அதில் 999 வந்த இடத்தில் அதை 0999 என்று எழுத வேண்டும் என்று முதலில் சொன்னவள் 534 எடுத்த அதே மாணவி.

ஆணிப் பலகைகள் உறுதியானவை, ரப்பர் வளையங்கள் இரண்டே வாரத்தில் அறுந்துபோயின. பலகைக்கான அட்டை, பிக் என்பவர் 1899இல் வெளியிட்ட தேற்றத்தைச் சார்ந்தது: எல்லையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையில் பாதியோடு உள்ளே உள்ள புள்ளிகளைக் கூட்டி 1ஐக் கழித்தால் பலகோணத்தின் பரப்பளவு கிடைக்கும். இந்தச் சூத்திரத்தை அட்டையின் தலைப்பிலேயே போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அதன் மேல் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, உள்ளே புள்ளியே இல்லாத உருவங்களை மட்டும் முதலில் செய்யச் சொன்னேன். எல்லையில் 3 புள்ளிகள் என்றால் அரை, 4 என்றால் 1, 5 என்றால் ஒன்றரை என்று அட்டவணை நிரம்பியதும் மீதியை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். ஒரு குழு வளையத்தை எட்டு என்ற எண்ணைப் போல் குறுக்கே முறுக்கி மாட்டி, சூத்திரம் பொய்க்கிறது என்று அறிவித்தது. தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத உருவம் என்ற நிபந்தனை எதற்கு என்பதை நான் விளக்கும் அவசியமே ஏற்படவில்லை.

ஒரு நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே முறை கடந்து வர முடியுமா என்று கேட்கும் கோனிக்ஸ்பர்க் பாலங்கள், 23 பேரில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று காட்டும் பிறந்தநாள் புதிர் ஆகிய அட்டைகள் வழக்கமானவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடியிருக்கும் 100 கதவுகளில் முதல் ஆள் எல்லாவற்றையும், இரண்டாம் ஆள் ஒவ்வோர் இரண்டாவது கதவையும், மூன்றாம் ஆள் ஒவ்வொரு மூன்றாவது கதவையும் என்று திறந்திருந்தால் மூடி, மூடியிருந்தால் திறந்துகொண்டே போகும் புதிரை நாற்காலியில் அமர்ந்து செய்யாமல் 40 மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துச் செய்தது நல்ல முடிவு. 1, 4, 9, 16, 25, 36 ஆகிய ஆறு பேர் மட்டும் இறுதியில் திறந்த கதவாக நின்றபோது, முழு வர்க்கங்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஏன் ஒற்றைப்படை என்று கேட்பதற்கு வேறு முன்னுரை தேவைப்படவில்லை.

பெட்டியின் கடைசி 12 அட்டைகளைத்தான் புதிர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சமன்பாட்டைத் தீர்த்து, விடைக்குரிய எழுத்தை எடுத்து, மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடி என்பவை அவை. சொல் பாதி தெரிந்ததும் மாணவர்கள் மீதியை ஊகித்துவிட்டுக் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மணற்கடிகாரம் வைத்து முதலில் முடித்த குழுவுக்கு மதிப்பெண் தரச் சொல்லும் விதியையும் இரண்டாம் வாரமே கைவிட்டேன். மெதுவாக யோசிப்பவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

40 பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும். வழிகாட்டி நூலை முழுவதும் படித்துவிட்டு, பின்புற விடைகளை ஒட்டி மறைக்கும் பொறுமை உள்ள ஆசிரியருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பாடவேளை காலியாக இருக்கும்போது மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் விடைகளை நூலுக்குள் மாற்றினாலே பாதிக் குறை தீரும். 1089 அட்டையில் விடுபட்ட நிபந்தனையை மட்டும் அவர்கள் சேர்க்காமலே விட்டுவிடலாம். நான் என் அட்டையில் அதை எழுதிச் சேர்க்கவில்லை.