மாதம் பார்த்து மாறும் வால்பேப்பர்: நாலு வருஷ அனுபவம்

திருப்பூரில் பனியன் லேபிள் டிசைன் செய்கிறேன். பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான். காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் எடுத்த படங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் சும்மா கிடந்தன. அவை தினமும் கண்ணில் பட வேண்டும் என்று 2021 தொடக்கத்தில் உபுண்டு லினக்ஸில் வால்பேப்பரை மாற்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் சின்ன ஃபைல்) எழுதினேன். நாலு வருஷம் தாண்டியும் அதுதான் ஓடுகிறது.

படங்களை 01 முதல் 12 வரை பன்னிரண்டு ஃபோல்டர்களில் பிரித்து வைத்தேன். ஸ்கிரிப்ட் இந்த மாதம் எது என்று டேட் கமாண்டிடம் கேட்கும், அந்த ஃபோல்டரில் ஷஃப் கமாண்டால் ஒரு படத்தைக் குலுக்கி எடுக்கும், டெஸ்க்டாப் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸிடம் கொடுத்துவிடும். மொத்தமே ஐந்தாறு வரிதான். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருவதால் பவானி கூடுதுறைப் படங்கள் 08-இல் இருக்கின்றன. தைப்பூசம் ஒரு வருஷம் ஜனவரியில் வரும், ஒரு வருஷம் பிப்ரவரியில் வரும். அதனால் சிவன்மலைத் தேரை இரண்டு ஃபோல்டரிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

என்னைப் படுத்தியது, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரான்தான். டெர்மினலில் ஓட்டினால் படம் மாறும்; கிரானில் போட்டால் மாறவே மாறாது, பிழைச் செய்தியும் கண்ணில் படாது. இரண்டு ராத்திரி போச்சு. காரணம் இதுதான்: கிரான் நம் லாகின் செஷனுக்கு வெளியே ஓடுகிறது. டெஸ்க்டாப்போடு பேச வேண்டிய டி-பஸ் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) முகவரி அதற்குத் தெரியாது. அந்த முகவரியை ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரியாகச் சேர்த்ததும் சரியானது. பிறகு, இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி யூசர் டைமருக்கு மாறிவிட்டேன். அது நம் செஷனுக்குள்ளேயே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை இயக்கிவிட்டால், காலையில் கரண்ட் போய்த் தவறிய மாற்றத்தைக் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் செய்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக டைமருக்கே போய்விடுங்கள்.

2022-இல் உபுண்டு 22.04 போட்ட பிறகு மறுபடியும் படம் மாறாமல் நின்றது. அதில் வரும் ஜினோம் 42 டெஸ்க்டாப்பில் டார்க் மோடுக்குத் தனி வால்பேப்பர் அமைப்பு இருக்கிறது. நான் டார்க் மோடில்தான் வேலை செய்கிறேன். இரண்டு அமைப்பிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லி ஒரு வரி கூட்டினேன், தீர்ந்தது.

முதலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் என்று வைத்திருந்தேன். வேலைக்கு நடுவே கண் அங்கேயே போகும். இப்போது நாளுக்கு ஒன்று. அப்புறம், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் வேண்டாம். திரையை நிரப்பும்போது மேலும் கீழும் வெட்டுப்பட்டு ஆட்களின் தலை போய்விடும்.

போன நவம்பரில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு வந்திருந்தார். அன்றைக்குத் திரையில் எங்கள் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, ஒரு வெள்வேல மரம், அதன் நிழலில் மயிலை மாடு. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் வந்து பார்த்தார். மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன் காலடியில் விரலை வைத்து, "கொழுக்கட்டைப் புல்லு மொழங்காலு ஒசரம் நிக்குது பாரு கண்ணு. இது நல்லா மழை பேஞ்ச வருசம்" என்றார். படத்தின் தேதியைத் திறந்து பார்த்தேன். 2021 நவம்பர். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது.

அதிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் கொறங்காட்டுப் படலுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கிறேன். போனைப் படுக்க வைத்துத்தான். வந்ததும் அந்த மாத ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன்.