சிக்கிமுக்கிக் கல்லா, கேப்பா, ஏர் ரைஃபிளா? ஏற்காட்டுப் பனிக்கு எது தாங்கும்

ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வச்சிருக்குற எங்க சித்தப்பா வீட்டு பீரோவுல ஒரு துப்பாக்கி இருக்குங்க, தாத்தா காலத்துது. லைசென்ஸ் புக்குல எஸ்பிஎம்எல்னு போட்டிருக்கும், ஒத்தக் குழல், வாய் வழியா கரிமருந்து போட்டு கெட்டிக்கிற டைப். சித்தப்பா பையன் போன மாசம் போன் பண்ணி "அண்ணா, இதுலயே டார்கெட் சுட கத்துக்கட்டுமா"னு கேட்டான். டேய், லைசென்ஸ் உங்கப்பா பேர்ல, அதுவும் பயிர்ப் பாதுகாப்புக்குனு குடுத்தது, நீ தூக்கிட்டு சுத்துனா கேஸுதான்னு சொல்லிட்டேன். எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்குறதுக்கே சித்தப்பா புலம்புவாரு. தோட்டத்துக்குள்ள காட்டெருமை வந்து நின்னாலும் சுட முடியாது, 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு. இன்னொண்ணு, அந்தக் குழல் உள்ள வழவழன்னு இருக்கும், ரைஃபிள் மாதிரி முறுக்கு வரி கிடையாது, குண்டு சுழலாது, அதனால அத வச்சு குறி பழகுறதும் வீண்தான்.

மலையில பட்டறையில துப்பாக்கி அடிச்சு தர்றாங்கனு யாராவது காதுல ஓதுனா அந்தப் பக்கமே போகாதீங்க. எந்தக் குழாயோ எந்தப் பத்தவைப்போ, வெடிச்சா மூஞ்சி போயிடும், தப்பிச்சா ஜெயிலு.

நான் இதப் பேசுறது ஏன்னா மச்சான் பென்சில்வேனியாவுல இருக்காரு, அங்க போனப்ப ஒரே நாள்ல ரேஞ்சுல இந்தக் கரிமருந்துத் துப்பாக்கியில கல்லு, கேப்னு ரெண்டு விதமும் சுட்டேன். முதல்ல ஃப்ளின்ட்லாக், அதான் சிக்கிமுக்கிக் கல்லு. கல்லு இரும்புத் தகட்டுல உரசி, பொறி வெளிய இருக்குற குட்டிக் கிண்ணத்து மருந்துல விழுந்து, அது பொஸ்ஸுனு பத்தி, பக்கத்து ஓட்டை வழியா நெருப்பு உள்ள போயி, அப்புறம்தான் டமால். கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது, ஆனா மூஞ்சிக்குப் பக்கத்துல தீ எரியுறப்ப அந்த நேரத்துக்குள்ளயே நான் கண்ண மூடி, தோள உதறி, குழல மேல தூக்கிட்டேன், அஞ்சுல ரெண்டுதான் பேப்பர்லயே பட்டுச்சு. அந்த ஊர்ல கிறிஸ்துமஸ் முடிஞ்சு மான் வேட்டைக்கு ஃப்ளின்ட்லாக் சீசன்னு தனியாவே ஒண்ணு வச்சிருக்காங்க, பனியில நனைஞ்சுட்டு அதத் தூக்கிட்டு அலையுறவங்களுக்குப் பொறுமை ஜாஸ்திதான் போல.

கேப் வச்ச துப்பாக்கி அப்படியே வேற. கேப்னா தட்டுனா வெடிக்கிற மருந்து வச்ச குட்டி செப்பு மூடி. இதுக்கு மூல காரணம் ஸ்காட்லாந்து பாதிரியார் ஒருத்தர், அலெக்சாண்டர் ஃபோர்சைத். கிண்ணத்து வெளிச்சத்தப் பாத்து பறவை பறந்துடுதேனு கடுப்பாகி, தட்டுனா வெடிக்கிற மருந்து வச்சு லாக், அதான் பத்தவைக்கிற பொறியமைப்பு, செஞ்சு 1807ல பேட்டன்ட் வாங்கினாரு, செப்புக் கேப் அதுக்கு அப்புறம் வந்தது. துப்பாக்கியோட சுத்தியல் கேப் மேல விழுந்த உடனே டமால், ஈரத்துக்கும் ஓரளவு தாங்கும். சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி எறங்குற ஏற்காடு மாதிரி ஊருக்கு ரெண்டுல எதுன்னா நான் யோசிக்காம கேப்தான் சொல்லுவேன். ஆனா கேப் தீந்துபோச்சுன்னா அது வெறும் தடிதான், கல்லு அப்படி கைய விரிக்காது.

ரெண்டுக்கும் பொதுவான தலைவலி கழுவுறது. அழுகின முட்டை வாசத்தோட குழலுக்குள்ள ஒட்டுற கரி காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், ராத்திரி அப்படியே விட்டா காலைல துரு. மச்சான் சமையல்கட்டுலயே சுடுதண்ணி கொதிக்க வச்சு சோப்பு போட்டு ஊத்துனாரு, முதல் துணி மை மாதிரி வந்துச்சு, ஏழாவது துணிதான் சாம்பல் நிறம். அப்புறம் எண்ணெய். அரை நாள் சுட்டா ஒரு மணி நேரம் கழுவணும். இன்னும் ரெண்டு விஷயம் அவரு திரும்பத் திரும்ப சொன்னது, புகையில்லா நவீன மருந்து இதுல ஒரு சிட்டிகை போட்டாலும் குழல் கிழியும், கிளிக்னு மட்டும் கேட்டு வெடிக்கலைன்னா குழல டார்கெட் பக்கமே பிடிச்சுட்டு ஒரு நிமிஷமாவது நில்லு, எட்டிப் பாக்காத.

இப்ப ஏர் ரைஃபிள். புகை இல்ல, கழுவுற வேலையும் இல்லன்னே சொல்லலாம், .177 அங்குல அளவுல, குண்டோட ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸும் வேண்டாம். கெத்து இல்லனு தம்பி மூஞ்சத் தூக்குனான். பத்து மீட்டர்ல பத்து மார்க் புள்ளி எவ்வளவு தெரியுமாடா, அரை மில்லிமீட்டர்னேன், அமைதியாயிட்டான். ட்ரிகர் இழுத்த பிறகும் குண்டு போய்ச் சேர்ற வரைக்கும் அசையாம நிக்குற பழக்கம் இதுல வந்துடும், ஃப்ளின்ட்லாக்ல நான் தோத்தது சரியா அந்த இடத்துலதான். அதனால முதல் வருஷம் ஏர் ரைஃபிள், அப்புறம் வெளிநாடு போற வாய்ப்பு வந்தா கேப், கல்லு கடைசில, ஆசைக்கு.

இப்ப வாரம் ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சுட்டுட்டுப் போறான். போன வாரம் வாந்தி எடுத்துட்டே வந்ததால மார்க் கம்மின்னு சொல்றான், நம்பிட்டேன்.