வேப்பேரி கால்நடை மருத்துவமனையின் அவசர சிகிச்சை

மே மாத வெயிலில் மொட்டை மாடியில் அகப்பட்டுக்கொண்ட எங்கள் நாய், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாக ஒழுக, நிற்க முடியாமல் சரிந்தபோது, 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெப்பமானி 106 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு இயல்பான அளவு ஏறத்தாழ 101 முதல் 102.5 வரைதான். சீட்டு எழுதி முடியும்வரை காத்திராமல், முன்னங்காலில் மயிரை மழித்து உடனே குளுக்கோஸ் ஏற்றிய அந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். வீட்டிலிருந்து புறப்படும் முன் நாங்கள் சாதாரணக் குழாய்த் தண்ணீரை அதன் உடலெங்கும் ஊற்றியது நல்லதாயிற்று என்றார் பணியிலிருந்த மருத்துவர். காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது என்றும், பூனையாக இருந்தால் அது உயிரையே பறித்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். தடுப்பூசி அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். நாங்கள் அவற்றைத் தேடியே பத்து நிமிடங்களை இழந்தோம்.