முதல் வீடு வாங்கும் முன் ஒரு மணி நேர ஆலோசனை: என் அனுபவம்

மாதம் 310 டாலர் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம் என்று அந்த டவுன்ஹவுஸ் விளம்பரத்தில் இருந்தது. புல் வெட்ட, குப்பை அள்ள, நீச்சல்குளம் பராமரிக்க. சரி, கட்டிவிடலாம் என்றுதான் நானும் என் மனைவியும் நினைத்தோம். ஆஃபர் போடும் முன் எதற்கும் கேட்டுவிடலாமே என்று, அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட்டின் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை மையத்துக்குப் போனோம்.

ஆலோசகர் அம்மா கட்டணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. விற்பவரின் ஏஜென்டிடம் கேட்டு வாங்கிய சங்கக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டி, ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டார்: 'கூரை மாற்றும் பணி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பு.' மூன்று வருடமாக அதே வரி! சங்கத்தின் சேமிப்பு நிதி போதாவிட்டால், கூரைச் செலவு 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' என்ற கூடுதல் வசூலாக வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் கடன் கணக்கு. வங்கி அந்த 310 டாலரையும் நம் மாதச் செலவில் சேர்த்துத்தான் கடன் தொகையை முடிவு செய்யும். ஆனால் பெரும்பாலும் அதைச் சங்கத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டுக்கடன் முடிந்தாலும் இது முடியாது. கட்டாமல் விட்டால் பல மாநிலங்களில் வீட்டின் மீதே சங்கம் உரிமை கோரலாம்.

குறை என்றால், நேரம் கிடைக்க இரண்டு வாரம் காத்திருந்தோம். வாடகைக்கு விடலாமா போன்ற விதிமுறைச் சந்தேகங்களுக்கு வக்கீலைப் பாருங்கள் என்றுவிட்டார். இருந்தாலும் தாராளமாகப் போகலாம். சங்கத்தின் பட்ஜெட்டையும் கூட்டக் குறிப்புகளையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.